மஞ்சூரியன் இல்லாத சீன அடுப்படி

2017 நவம்பரில் ஒரு சீன வங்கி வெளியிட்ட விளம்பரப் படம் அந்த நாடு முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒரு பையன். நண்பர்கள் கூடும் விருந்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துப் போக வேண்டும். தக்காளியும் முட்டையும் சேர்த்து வதக்கும் எளிய கறியைச் செய்யலாம் என்று முடிவு செய்கிறான். ஆனால் முதலில் போட வேண்டியது தக்காளியா, முட்டையா என்பதே தெரியவில்லை. அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிறான். அவர் வாயால் சொல்லிப் பார்க்கிறார், பையனுக்குப் புரியவில்லை. உடனே அப்பாவும் அம்மாவும் அடுப்படிக்குப் போய், செய்துகாட்டி, வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். விருந்து நன்றாக முடிந்த பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது: அவன் கேட்ட நேரம் சீனாவில் விடிகாலை நான்கு மணி.

பார்த்தவர்களில் பலர் கண் கலங்கினார்கள். பெற்றோரைத் தூங்கவிடாத பையனைத் திட்டியவர்களும் உண்டு. அவன் ஏன் தக்காளி முட்டையைத் தேர்ந்தெடுத்தான் என்பதை மட்டும் சீனர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே பிள்ளைகள் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் கறி பெரும்பாலும் அதுதான். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிவப்பும் மஞ்சளுமாக உடுத்தி வந்த சீன அணியின் சீருடைக்கு அந்நாட்டு மக்களே வைத்த பட்டப்பெயரும் ‘தக்காளி முட்டை’தான்.

நம் ஊர் ஓட்டல்களின் ‘சைனீஸ்’ பட்டியலில் இந்தக் கறியைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது கோபி மஞ்சூரியன், சிக்கன் 65-க்குப் பக்கத்து வீட்டுக்காரர்போல் ஒரு சில்லி சிக்கன், சாஸில் புரண்ட நூடுல்ஸ். இவற்றுக்கும் சீன வீடுகளின் அன்றாடச் சாப்பாட்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் கல்கத்தாவில் வந்து குடியேறிய சீனக் குடும்பங்கள், இந்திய நாக்குக்கு ஏற்பத் தங்கள் சமையலை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டன. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர், 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப் சமையலறையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் என்று நம் பாணியில் தொடங்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோள மாவும் சேர்த்தாராம். ருசியான கண்டுபிடிப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் சீனாவின் மஞ்சூரியாவில் பிறந்து வளர்ந்தவருக்கு இப்படியொரு கறி இருப்பதே தெரியாது.

இந்த ஓட்டல் சைனீஸை வைத்தே சீனச் சமையலை எடைபோடுவதால்தான், ‘எண்ணெய், கலர், அஜினோமோட்டோ’ என்று நம் வீடுகளில் ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. கலர் விஷயத்தில் அந்தச் சுளிப்புக்கு நியாயம் உண்டு. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது. ஆனால் சீன வீட்டு அடுப்படியில் கலர்ப் பொடிக்கு இடமே இல்லை. அங்கே நடப்பது வேறு சமையல். காய்களோ நமக்குப் பழகியவை, மசாலா மிகக் குறைவு, அடுப்பில் பெரும்பாலான கறிகள் நிற்கும் நேரம் ஐந்து நிமிடம். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் முறை அரிது.

சாப்பாட்டின் அமைப்பே நமக்கு அன்னியமானதல்ல. தெற்குச் சீனாவில் ஆளுக்கொரு கிண்ணத்தில் வெள்ளைச் சோறு. கறிகள் மேசை நடுவில். எல்லோரும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே ஒரு சூப். மூன்று பேர் உள்ள வீடு என்றால் இரண்டு அல்லது மூன்று கறி, ஒரு சூப் என்பது சாதாரணக் கணக்கு. சோற்றில் உப்பு கிடையாது, தாளிப்பு கிடையாது. ருசியெல்லாம் கறியிலிருந்து வர வேண்டும். வடக்கே போனால் நெல்லின் இடத்தைக் கோதுமை பிடித்துக்கொள்ளும். நூடுல்ஸ், ஆவியில் வேகவைத்த ரொட்டி, கொழுக்கட்டைபோல் மடித்த டம்ப்ளிங் ஆகியவை அங்கே பிரதானம். காலையில் கஞ்சி குடிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றிக் குழையக் காய்ச்சி, ஊறுகாயும் உப்புப் போட்ட வாத்து முட்டையும் தொட்டுக்கொள்வார்கள்.

காய்கறிச் சந்தைக்குப் போனால் இன்னும் நெருக்கம் கூடும். பீர்க்கங்காயும் முட்டையும் சேர்த்து வதக்குவது சீன வீடுகளில் மிகச் சாதாரணம். பாகற்காயையும் முட்டையோடு அப்படியே செய்கிறார்கள். வெண்பூசணி அங்கே சூப்புக்குப் போகிறது. தண்டுக்கீரையைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்குவார்கள். சிவப்புத் தண்டுக்கீரையாக இருந்தால் அதன் சாறு சோற்றை இளஞ்சிவப்பாக்கிவிடும், குழந்தைகள் அந்த நிறத்துக்காகவே கேட்டுச் சாப்பிடுவார்கள். கத்தரிக்காய், காராமணிக்காய், தாமரைக் கிழங்கு, முள்ளங்கி எல்லாம் அன்றாடக் காய்கள். கோடையில் பச்சைப் பயறை வேகவைத்து, கற்கண்டு போட்டு, ஆறவைத்துக் குடிப்பது உடம்புச் சூட்டுக்கு நல்லது என்பது அங்கே பாட்டிமார் வைத்தியம். வள்ளைக்கீரை சீனாவில் கோடைகாலத்தின் முக்கியமான கீரை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். கங்கோங் என்ற பெயரில் அதே கீரையைப் பூண்டோடு வதக்கிச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அவர்கள். அங்குள்ள தமிழ் முஸ்லிம் கடைகளின் மீ கோரெங், சீன நூடுல்ஸில் தமிழ்க் கை பட்டுப் பிறந்ததுதான்.

சரி, அந்தத் தக்காளி முட்டையை எப்படிச் செய்வது? மூன்று முட்டையை ஒரு சிட்டிகை உப்போடு நன்றாக அடித்துக்கொள்ள வேண்டும். பழுத்த தக்காளி இரண்டைப் பெரிய துண்டுகளாக நறுக்கவும். வாணலி நன்றாகச் சூடான பிறகு இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, அது காய்ந்ததும் முட்டையை ஊற்றினால் ஓரமெல்லாம் பொங்கி எழும். கரண்டியால் மெதுவாகத் தள்ளித் தள்ளி, பெரிய பெரிய துண்டாக இருக்கும்போதே, இன்னும் கொஞ்சம் ஈரம் தெரியும்போதே தட்டில் எடுத்துவிட வேண்டும். அதே வாணலியில் கொஞ்சம் எண்ணெய், தக்காளி, உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை. தக்காளி கரைந்து சாறு விட்டதும் முட்டையைத் திருப்பிப் போட்டு ஒரு புரட்டு. மேலே வெங்காயத்தாள் தூவி இறக்கினால் முடிந்தது. சோயா சாஸ் வேண்டாம், மிளகாய் வேண்டாம், பூண்டுகூட அவசியமில்லை. சர்க்கரை போடலாமா கூடாதா என்று சீனாவில் ஊருக்கு ஊர் சண்டை நடக்கிறது. நம் நாட்டுத் தக்காளியின் புளிப்புக்குப் போடுவதே நல்லது.

தக்காளி சீனாவுக்கு வந்ததே மிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில். வந்த பிறகும் நெடுங்காலம் அலங்காரச் செடியாகவே இருந்தது. வீட்டுச் சமையலில் அது பரவலாக இடம்பிடித்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆக, இன்று சீன வீட்டுச் சாப்பாட்டின் முகமாக இருக்கும் கறிக்கு வயது அதிகமில்லை. புதிய பொருள் எது வந்தாலும் தன் முறைக்குள் இழுத்துக்கொள்வது அந்தச் சமையலின் பலம்.

அந்த முறை என்ன என்பதை அறிய உருளைக்கிழங்கைப் பார்க்கலாம். உலகில் மிக அதிகமாக உருளைக்கிழங்கு விளைவிக்கும் நாடு சீனா. அதை நாம் மசிக்கிறோம், மசாலாவில் வேகவைக்கிறோம், வறுக்கிறோம். சீன வீட்டில் அதைக் கறுக்மொறுக்கென்று, பச்சைக் காயின் விறைப்பு போகாமல் சாப்பிடுகிறார்கள். கிழங்கைத் தோல் சீவி, முதலில் மெல்லிய வில்லைகளாக அரிந்து, வில்லைகளைச் சரித்து அடுக்கி, தீக்குச்சியைவிட மெல்லியதாக நறுக்குவார்கள். பிறகு அந்த இழைகளைத் தண்ணீரில் போட்டு அலச வேண்டும். முதல் தண்ணீர் பால்போல் வெளுத்து வரும், அது மாவுச்சத்து. இரண்டு மூன்று முறை மாற்றி, தண்ணீர் தெளிந்த பிறகு வடித்துவிட வேண்டும். இந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டால் வாணலியில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும்.

மீதி வேலை மூன்று நிமிடம். காய்ந்த எண்ணெயில் நாலு காய்ந்த மிளகாய், கிடைத்தால் சில சிச்சுவான் மிளகு, ஒரு பூண்டுப் பல். வாசம் வந்ததும் தீயை முழுதாகத் திறந்து கிழங்கு இழைகளைக் கொட்டி விடாமல் புரட்ட வேண்டும். அரை நிமிடத்திலேயே ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், கடைசியில் உப்பு. வினிகரை ஏன் இவ்வளவு சீக்கிரம் ஊற்ற வேண்டும்? புளியை முன்னாலேயே ஊற்றினால் காய் வேகாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். புளிப்பு, காயின் அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாது. சாம்பாரில் நாம் தவிர்க்கும் அதே காரியத்தைச் சீன வீட்டுக்காரர் வேண்டுமென்றே செய்கிறார். கிழங்கு வெந்தும் விறைப்பாக நிற்கிறது.

நறுக்குவதில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், சீன வதக்கலில் பாதிச் சமையல் பலகையிலேயே முடிந்துவிடுகிறது. மெல்லியதாக நறுக்கிய பொருள் சீக்கிரம் வேகும். ஒரே அளவில் நறுக்கியது ஒரே நேரத்தில் வேகும். விறகுத் தட்டுப்பாடு இருந்த நிலத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தப் பிறந்த பழக்கம் இது என்று உணவு வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், இன்று சிலிண்டர் விலையைப் பார்ப்பவருக்கு அது பயன்படும். இன்னொரு ஒழுங்கும் உண்டு. அடுப்பைப் பற்றவைக்கும் முன் பூண்டு, இஞ்சி, காய், சாஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிண்ணங்களில் தயாராக இருக்க வேண்டும். ஒன்று வதங்கும் நேரத்தில் அடுத்ததை நறுக்கிக்கொள்ளலாம் என்ற நம் வழக்கம் இங்கே உதவாது. முப்பது விநாடியில் பூண்டு கருகிவிடும்.

வாணலியை முதலில் காயவைத்து அதன் பிறகு எண்ணெய் ஊற்றுவது அங்கே எல்லா வீட்டிலும் சொல்லித்தரும் விதி. இரும்பு வாணலியில் பொருள் அடிப்பிடிக்காமல் இருக்க இது உதவும். அளவும் முக்கியம். ஓட்டல் அடுப்பின் தீ வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு பெரிது. வீட்டில் ஆறு பேருக்கான காயை ஒரே வாணலியில் கொட்டினால் சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு, வதங்குவதற்குப் பதில் வெந்து துவளும். இரண்டு முறையாகச் செய்வதுதான் சரி. நூடுல்ஸும் ஃப்ரைடு ரைஸும் நம் வீடுகளில் குழைந்து போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த அவசரம்தான்.

இறைச்சி இந்தச் சமையலில் பெரும்பாலும் துணைப் பாத்திரம். பன்றி இறைச்சி அங்கே முதலிடத்தில் இருக்கிறது என்றாலும், அன்றாடக் கறிகளில் ஒரு கைப்பிடி இறைச்சி இழை நிறையக் குடைமிளகாய்க்கோ செலரிக்கோ ருசி கூட்டும். கோழியிலும் அதையே செய்யலாம். 200 கிராம் எலும்பில்லாத கோழியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் சோள மாவு, ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர், ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசறிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். மாவு மெல்லிய உறைபோல் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாணலியில் இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும் அந்தக் கோழி பஞ்சுபோல் இருக்கும். சீன ஓட்டலில் இறைச்சி மட்டும் எப்படி இவ்வளவு மிருதுவாக வருகிறது என்று வியப்பவர்களுக்கு விடை இந்தக் கால் மணி நேரத்தில் இருக்கிறது.

முழுச் சைவமும் உண்டு. வடகிழக்குச் சீனாவில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் மூன்றையும் தனித்தனியே எண்ணெயில் பொரித்தெடுத்து, பூண்டு, சோயா சாஸ், சிட்டிகை சர்க்கரையில் புரட்டுவார்கள். பெயரே ‘நிலத்தின் மூன்று புது விளைச்சல்’ என்ற பொருளில் அமைந்தது. எண்ணெய் குறைய வேண்டுமென்றால் பொரிப்பதற்குப் பதில் தோசைக்கல்லில் சுட்டெடுக்கலாம். சமைக்கவே வேண்டாத ஒன்றும் இருக்கிறது. வெள்ளரிக்காயைப் பலகையில் வைத்து, அகலமான கத்தியின் பக்கவாட்டால் ஓங்கி அடிப்பார்கள். காய் ஒழுங்கில்லாமல் பிளந்து விரியும். அந்தப் பிளவுகளில்தான் சாறு தங்கும் என்பதால் கத்தியால் வில்லை போட்டால் இந்த ருசி வராது. நசுக்கிய பூண்டு, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வினிகர், சில துளி எள்ளெண்ணெய் சேர்த்துக் கலந்தால் கோடைக்கு அருமையான தொடுகறி. கத்தி இல்லாவிட்டால் சப்பாத்திக் கட்டையே போதும்.

ஆவியில் வேகவைப்பதற்கு நம்மிடம் இட்லிப் பானை இருக்கிறது. சீன வீடுகளில் பல்லில்லாத குழந்தை முதல் பல் போன பெரியவர் வரை சாப்பிடும் ஆவி முட்டைக்கு அது போதும். இரண்டு முட்டையை நுரை வராமல் கலக்கி, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீரும் உப்பும் சேர்த்து, வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். மேலே தட்டு போட்டு மூடுவது அவசியம். மூடியிலிருந்து சொட்டும் நீர் முட்டையின் முகத்தைக் குழிகுழியாக்கிவிடும். சிறு தீயில் பத்து நிமிடம். தீ அதிகமானால் உள்ளே தேன்கூடுபோல் ஓட்டைகள் விழும். சரியாக வந்தால் அசைத்தால் நடுங்கும், ஸ்பூனில் எடுத்தால் வழுக்கும். மேலே அரை டீஸ்பூன் சோயா சாஸ், நறுக்கிய வெங்காயத்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு இதைவிட இதமான உணவு கிடையாது.

மீனையும் அப்படியே. குவாங்டாங் மாகாணத்தில் நல்ல மீன் கிடைத்தால் அதை ஆவியில் மட்டுமே வேகவைப்பார்கள். மசாலா போட்டு மறைப்பது அந்த மீனுக்குச் செய்யும் அவமரியாதை. வவ்வால் மீன் அங்கும் விரும்பிச் சாப்பிடும் மீன். அரைக் கிலோ எடையுள்ள வவ்வாலையோ கொடுவாவையோ முழுதாகக் கழுவி, கீறி, இஞ்சித் துண்டுகள் வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு உள்ளே வைத்து எட்டு முதல் பத்து நிமிடம் வேகவிட வேண்டும். தட்டில் தேங்கும் கவிச்சி நீரைக் கொட்டிவிடுவது முக்கியம். பிறகு மெல்லிய இஞ்சி இழையும் வெங்காயத்தாள் இழையும் மேலே பரப்பி, புகைய விட்ட இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயை அதன்மேல் ஊற்றினால் ‘சொர்’ரென்று சத்தம் எழும். நம் தாளிப்பை மீனுக்கு மேலேயே நடத்திவிடுகிறார்கள். கடைசியாகப் பக்கவாட்டில் சோயா சாஸ். மீன் புதிதாக இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். ஐஸில் நாள்பட்ட மீனுக்கு நம் புளிக்குழம்புதான் சரி.

இந்தச் சமையலை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் இரண்டு பெண்களை இங்கே நினைக்க வேண்டும். இருவருமே பரம்பரைச் சமையல்காரர்கள் அல்லர். பூவெய் யாங் சாவ், 1889-இல் நான்ஜிங்கில் பிறந்து ஜப்பானில் மருத்துவம் படித்த டாக்டர். படிக்கப் போன இடத்தில் அந்த ஊர்ச் சாப்பாடு இறங்காமல் தானே சமைக்கத் தொடங்கியவர். மொழியியல் அறிஞரான கணவரோடு அமெரிக்காவில் குடியேறி, 1945-இல் சீனர்கள் எப்படிச் சமைக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவருடைய சீனத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவர் மகள். வாணலியில் விரைவாகப் புரட்டி வதக்கும் முறைக்கு இன்று உலகமே பயன்படுத்தும் ‘ஸ்டிர் ஃப்ரை’ என்ற பெயர் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

அடுத்தவர் தைவானின் ஃபூ பெய்மெய். 1931-இல் சீனாவின் டாலியன் நகரில் பிறந்து, 1949-இல் தைவானுக்குப் போனவர். திருமணமான புதிதில் அவருக்குச் சமைக்கத் தெரியாது. கணவரும் அவருடைய நண்பர்களும் சாப்பாட்டைக் குறை சொல்ல, ஓட்டல் சமையல்காரர்களைப் பணம் கொடுத்து வீட்டுக்கு வரவழைத்து ஒவ்வொரு கறியாகக் கற்றுக்கொண்டார். 1962-இல் தைவான் தொலைக்காட்சி தொடங்கியதுமே அதில் சமைத்துக் காட்ட வந்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் திரையில் இருந்தார். 1969-இல் வந்த அவருடைய சமையல் புத்தகத்தில் ஒரு பக்கம் சீனம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். வெளிநாடு போகும் மாணவர்களின் பெட்டியில் அந்தப் புத்தகம் போயிற்று. அம்மா பக்கத்தில் இல்லாத இளம் பெண்கள் அவரைப் பார்த்தே சமைக்கக் கற்றார்கள். சமையல் பிறவியிலேயே வருவது என்ற பேச்சுக்கு இந்த இரண்டு பேரின் வாழ்க்கையே மறுப்பு.

பாட்டில்கள் விஷயத்துக்கு வருவோம். கடையில் சாஸ் அலமாரியைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. லைட் சோயா சாஸ் ஒன்று வாங்கினால் போதும். நிறம் வெளிறியது என்பதால் உப்பு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. உப்பு அதில்தான் தூக்கல். டார்க் சோயா சாஸ் நிறத்துக்காகப் போடுவது, நெடுநேரம் கொதிக்கும் இறைச்சிக் கறிக்கு ஏற்றது. ஃப்ரைடு ரைஸ் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அதை ஊற்றுவது நம் ஓட்டல் வழக்கம். வினிகர் சாதாரணமானதே போதும். எள்ளெண்ணெய் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சீனர்கள் கடைசியில் சொட்டுவிடும் எண்ணெய், வறுத்த எள்ளிலிருந்து எடுத்தது. நிறம் அடர்த்தி, வாசனை தூக்கல். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த வாசனை இருக்காது. இல்லாவிட்டால் குற்றமில்லை, ஒரு டீஸ்பூன் எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவினால் ஓரளவு ஈடாகும். சிச்சுவான் மிளகு நம் கொங்கண் கடற்கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்பலுக்கு உறவுக்காரச் செடியின் காய். அதுவும் கட்டாயமில்லை.

அஜினோமோட்டோ? 1908-இல் டோக்கியோவில் கிக்குனாயே இக்கேதா என்ற வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியின் ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே அது அந்தப் பெயரில் கடைக்கு வந்தது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், சீன ஓட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று ஒரு டாக்டர் எழுதிய கடிதத்திலிருந்து உலகெங்கும் அச்சம் பரவியது. பிறகு அமெரிக்க உணவு, மருந்துத் துறை கேட்டுக்கொண்டதன்பேரில் நிபுணர் குழு ஒன்று ஆய்ந்து 1995-இல் அறிக்கை தந்தது. உணவோடு சேராமல் ஒரே வேளையில் 3 கிராமோ அதற்கு மேலோ உட்கொண்டால் சிலருக்குத் தலைவலி, மரமரப்பு போன்ற சிறு தொந்தரவு சற்று நேரம் வரலாம் என்பதற்கு மேல் அது பெரிய கேடு எதையும் சொல்லவில்லை. பழுத்த தக்காளியிலும் இதே குளுட்டமேட் இயற்கையாக உண்டு. போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். மேலே சொன்ன கறிகள் எதற்கும் அது தேவைப்படாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றித்தான். ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமாக 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரே ஸ்பூனில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சீனாவின் சொந்தப் பிரச்சினையும் இதுவே. 2022-இல் வந்த அந்நாட்டு உணவு வழிகாட்டி ஆளுக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், எண்ணெய் 25 முதல் 30 கிராம், காய்கறி குறைந்தது 300 கிராம் என்கிறது. மக்கள் சாப்பிடும் உப்போ அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ரத்தக் கொதிப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் சோயா சாஸை டீஸ்பூனால் அளந்தே ஊற்ற வேண்டும். சாஸ் சேர்த்த கறியில் தனி உப்பு கூடாது.

மிஞ்சிய சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை ஃப்ரைடு ரைஸ் சீன வீடுகளில் முந்தின நாள் சோற்றைத் தீர்க்கும் வழி. ஆறிய சோறு ஈரம் வற்றி உதிரியாக இருப்பதால் வாணலியில் ஒட்டாது. ஆனால் சமைத்த சோற்றை இரவு முழுக்க அடுப்பு மேடையில் வைத்துவிட்டு மறுநாள் வதக்கக் கூடாது. அதில் பெருகும் ஒருவகை பாக்டீரியாவின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சமைத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் கட்டிகளைக் கையால் உதிர்த்து, முட்டை, வெங்காயத்தாள், உப்பு போட்டுப் புரட்டினால் போதும். பீன்ஸ், கேரட், கோஸ் மூன்றும் இருந்தால்தான் ஃப்ரைடு ரைஸ் என்பதில்லை.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு மாலை இப்படிப் போகலாம். முதலில் அரிசி அடுப்பில் ஏறட்டும். அது வேகும் நேரத்தில் உருளைக்கிழங்கை அரிந்து அலசி வைக்கவும், தக்காளியை நறுக்கவும், வெள்ளரியை அடித்துக் கலந்து மேசைக்கு அனுப்பிவிடவும். சோறு இறங்கியதும் இட்லிப் பானையில் முட்டைக் கிண்ணம் ஏறும். பக்கத்து அடுப்பில் இரண்டு தக்காளியைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, உப்பும் மிளகும் போட்டு, வெங்காயத்தாள் தூவினால் சூப். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, கடைசியாக உருளைக்கிழங்கை வாணலியில் போட வேண்டும். அது ஆறினால் அதன் அழகு போய்விடும்; ஆட்கள்தான் அதற்காகக் காத்திருக்க வேண்டும். மொத்தம் முக்கால் மணி நேரம்.

இவ்வளவும் ஒரே நாளில் வேண்டுமென்பதில்லை. இந்த வாரம் சந்தையில் பிஞ்சுப் பீர்க்கங்காய் கிடைத்தால் வாங்கி வாருங்கள். தோல் சீவி, பெரிய துண்டாக வெட்டி, இரண்டு பூண்டுப் பல்லோடு மூன்று நிமிடம் வதக்கி, தனியே பொரித்தெடுத்த இரண்டு முட்டையைச் சேர்த்து, உப்பு போட்டு, சூடான சோற்றோடு வையுங்கள். இதற்குக் கடையில் எந்தப் பாட்டிலும் வாங்க வேண்டியதில்லை.